கழுத்துப் பொத்தான்

வயலுக்குள் வண்டியை விடச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டிருந்தவர் பாட்சி பேரட். மழைக்கோட்டுக்கு மேல், சாலை போடுகிறவர்கள் மாட்டும் மஞ்சள் மேலங்கி. துக்க வீட்டுக்கு வரும் கார்கள் அந்தக் குறுகலான பாதையை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டுக்காரர் கடமை.

"வேலி ஓரமா விடுப்பா. நடுவுல விட்டா சேத்துல உக்காந்துரும், அப்புறம் நான்தான் டிராக்டர் கொண்டு வரணும்." கார்க் கண்ணாடி இறங்கியதும் குனிந்து உள்ளே பார்த்தார். "அட, நீயா! மாட்டு டாக்டர்னு நினைச்சுட்டேன்."

"வாடகை வண்டி, பாட்சி."

"எழுபது மில்லியன் வெச்சிருக்கறவன் வர்ற வண்டியா இது?"

"எழுபதுன்னு யார் சொன்னா?"

"பேத்தி போன்ல காட்டினா. உன் போட்டோவைப் போட்டு, என்ன வயசு, எத்தனை பொண்டாட்டி, எவ்வளவு சொத்துன்னு வரிசையா இருக்கு. வயசுல ரெண்டைக் குறைச்சிருக்கான்."

"சொத்துல கூட்டிட்டான். அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சு."

பாட்சி சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் தொப்பியைக் கழற்றிவிட்டு, கண்ணாடி வழியே கையை உள்ளே நீட்டினார். "உன் துக்கத்துக்கு வருத்தப்படறேன், மாலக்கி."

மேயோவின் கடலோரக் கிராமமான கேரோபானில் இதைத் தவிர வேறு வார்த்தை கிடையாது. கையைப் பிடிப்பார்கள், இதைச் சொல்வார்கள், நகர்ந்துவிடுவார்கள். மாலக்கி டெவானிக்கு அழுகை வந்தது. விழுங்கிக்கொண்டார். எழுபத்தாறு வயதில், அதில் பெரும்பகுதி கேமராவுக்கு முன்னால் கழிந்த பிறகு, ஓர் அழுகையை விழுங்குவது அவருக்குப் பெரிய காரியமில்லை. இந்த ஊரில் அதை வெளியே விடுவதுதான் முடியாத காரியம். உலகம் முழுக்க அவர் அழுது பார்த்திருக்கிறது. இங்கே ஒரு சொட்டு விழுந்தால், அடுத்த வீட்டு அடுப்படியில் அதற்கு மதிப்பெண் போடுவார்கள்.

தம்பி இறந்த செய்தியை யாரும் அவருக்குக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. டப்ளின் வீட்டில் இருக்கும்போதெல்லாம், கலிஃபோர்னியா வீட்டில்கூட இணையத்தின் வழியாக, மேயோவின் உள்ளூர் வானொலியில் மரண அறிவிப்புகள் வாசிக்கும் நேரம் அவர் கேட்பார். ஊரைவிட்டுப் போன பலருக்கும் உள்ள பழக்கம்தான். நேற்றுக் காலை முட்டையை உடைத்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் குரல் அதே நிதானத்தில் வாசித்தது: ஃபெஸ்டஸ் டெவானி, கேரோபான். எதிர்பாராத மரணம், தன் வீட்டில். பிறகு பிரிந்து வாடுவோர் பெயர்கள். மனைவி எத்னா, மகன் டெக்லன், மருமகள், பேரப்பிள்ளைகள், மைத்துனர்கள், மைத்துனிகள், நல்ல அண்டை வீட்டார். அதற்குப் பிறகு, மறந்துபோய்ச் சேர்த்ததுபோல, அண்ணன் மாலக்கி. தன் பெயர் வருமா வராதா என்று காத்திருந்த அந்தச் சில நொடிகளில் தம்பி செத்துப்போனதே அவருக்கு உறைக்கவில்லை. வந்துவிட்ட பிறகுதான் உறைத்தது.

முன்னறையில் ஃபெஸ்டி கிடத்தப்பட்டிருந்தான். நாற்காலிகள் சுவரோரம் வரிசையாக. தலைமாட்டில் எத்னா, அவளை அடுத்து டெக்லன், பிறகு அவளுடைய தம்பிகள். மாலக்கி உள்ளே வந்ததும் பேச்சு ஒரு மூச்சு நின்று மறுபடி தொடங்கியது. எத்னா கையைக் கொடுத்தாள். "வந்ததுக்கு நன்றி, மாலக்கி," என்றாள். வாசலில் நின்ற பால் சொசைட்டி மேலாளருக்கும் அவள் அதைத்தான் சொல்லியிருந்தாள். டெக்லன் எழுந்துபோய் அடுப்படியிலிருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து, வரிசையின் கடைசியில் போட்டான். வானொலியில் இருந்த அதே இடம்.

அடுப்படியில் பன்றித் தொடை சாண்ட்விச் மலையாய் அடுக்கியிருந்தது. தேநீர் கெண்டி ஓயவில்லை. அங்கே போனபோது கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. பாட்சியின் மனைவி நோரீன் ஒரு தட்டை அவர் கையில் திணித்தாள். "சாப்பிடு. அந்தக் கடைசிப் படத்துல எலும்பா இருந்தே."

"கேன்சர் வந்தவனா நடிச்சேன், நோரீன்."

"வேற எதுலயோ சுட்டுக் கொன்னாங்களே உன்னை," என்றார் பாட்சி, மேலங்கியைக் கழற்றாமலே. "நீ விழுந்து, பேசி, மன்னிப்புக் கேட்டு, மறுபடி பேசி... நீ செத்து முடிக்கறதுக்குள்ள நான் ரெண்டு மாட்டைக் கறந்திருப்பேன்."

"சம்பளம் வார்த்தைக்கு இவ்வளவுன்னு, பாட்சி."

எல்லோரும் சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரிக்கத் தெரியாதவனை இந்த ஊர் நம்பாது. ஆனால் சிரிக்கும்போதே ஒவ்வொருவர் கண்ணும் அவர் முகத்தில் வந்து உட்கார்ந்து போனதை அவர் உணர்ந்தார். தன்னைப் பார்க்கிறார்கள் என்பதைத் தோலால் அறிவதுதான் அவர் தொழில்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நாளைக் காலை வீட்டிலிருந்து பெட்டியைத் தூக்கும் ஆறு பேரில் ஒருவராக இருக்க வேண்டும். அப்பாவை அவர் தூக்கவில்லை. அப்போது மொராக்கோவில் மணலுக்கு நடுவே ஒரு பாதிரியாராக நின்றுகொண்டிருந்தார். ஒரு நாள் படப்பிடிப்பு நின்றால் எவ்வளவு நஷ்டம் என்று தயாரிப்பாளர் விளக்கினார். அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தேவாலயத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மிச்சம் இருந்தவன் தம்பி.

"டெக்லன்," என்றார், அவன் கெண்டியை நிரப்ப வந்தபோது. "நாளைக்கு எனக்கும் ஒரு இடம் குடு. எந்தப் பக்கம்னாலும் சரி."

அவன் திரும்பவில்லை. "உங்களுக்கு முதுகு சரியில்லன்னு பேப்பர்ல படிச்சேன்."

"முதுகு நல்லாத்தான் இருக்கு."

"ஆறு பேரும் ஆயிடுச்சு. வேணும்னா அம்மாகிட்ட கேட்டுக்கோங்க."

அவர் கேட்கவில்லை. இரவு பக்கத்து ஊரான பெல்முல்லட்டில் விடுதி அறையில் படுத்திருந்தபோது, எதற்காக இந்த விரோதம் என்று பழைய கணக்கையே மறுபடி போட்டுப் பார்த்தார். விடை எப்போதும் ஒன்றுதான்: பணம். பத்தொன்பது வயதில் டப்ளினுக்குப் போய், மது விடுதியில் கோப்பை கழுவி, நாடகங்களில் ஈட்டி பிடித்து நின்றவர்; பிறகு லண்டனில் பாதிரிகள், போலீஸ்காரர்கள், குடிகார மாமன்கள் என்று சின்னச் சின்ன வேடங்கள். நாற்பது தாண்டும்வரை தம்பியைவிட அவர் கையில் காசு குறைவு. கிறிஸ்துமஸுக்கு ஃபெஸ்டி மடித்துக் கொடுத்த நோட்டில்தான் கப்பல் ஏறித் திரும்புவார். அப்போதெல்லாம் இருவருக்கும் நடுவே ஒரு கசப்பும் இல்லை. அந்த ஒரு படம் வந்தது. அதற்குப் பிறகு எல்லாம் தலைகீழ். கடலைப் பார்த்த வீடு, குதிரைகள், மூன்று மணமுறிவுகளையும் தாங்கிய வருமானம். அவர் அனுப்பிய பணம் திரும்பி வந்தது. ஒரு புது டிராக்டரை வீட்டு வாசலில் இறக்கச் சொன்னார். ஃபெஸ்டி சாவியைத் தொடாமல், விற்றவனையே கூப்பிட்டு எடுத்துப் போகச் சொல்லிவிட்டான். ஓட்டைக் கூரைக்குக்கூட ஒரு ஓடு வாங்கிக்கொள்ளவில்லை. வீம்பு, பொறாமை, சின்ன நிலத்துக்காரனின் ரோஷம் என்று மாலக்கி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மனைவிகளிடமும் அப்படித்தான் சொன்னார்.

அந்தப் படத்தில் அவர் ஒரு விவசாயி. தகப்பனின் பெட்டியை மூடிவிடுகிறார்கள். மகன் ஒரு கணம் நிற்கிறான், மூடியைத் திறக்கச் சொல்கிறான். குனிந்து, தகப்பனின் கழுத்துப் பொத்தானைத் தடித்த விரல்களால் அவிழ்த்துவிடுகிறான். பிறகு, கன்று ஈன்ற பசுவை ஆசுவாசப்படுத்துவதுபோல, நெஞ்சில் இரண்டு தட்டு. வசனம் இல்லை. கதையில் அது எழுதப்பட்டிருக்கவும் இல்லை. இயக்குநர் கேமராவை நிறுத்தாமல் விட்டார், ஒளிப்பதிவாளர் அழுதார். விருது மேடைகளில் அந்தத் துண்டைத்தான் திரும்பத் திரும்பப் போட்டார்கள். எப்படித் தோன்றியது என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் அவர் ஒரே பதில் சொன்னார்: தெரியவில்லை, எங்கிருந்தோ வந்தது.

காலையில் பாதிரியார் வருவதற்கு முன் பெட்டியை மூட வேண்டும். அந்த நேரத்தில் வீட்டார் மட்டுமே உள்ளே இருப்பார்கள். மாலக்கி நிலைப்படியில் நின்றார்.

"உள்ள வா, இல்லேன்னா கதவைச் சாத்து," என்றாள் எத்னா. "குளிர் வருது."

அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

ஃபெஸ்டிக்கு மகன் கல்யாணத்துக்குத் தைத்த பழுப்புக் கோட்டைப் போட்டிருந்தார்கள். சட்டைக் கழுத்து மேல்வரை பூட்டி, டை இறுக்கிக் கட்டியிருந்தது. தாடைக்குக் கீழே சதை பிதுங்கி நின்றது. உயிரோடு இருந்தவரை எந்தக் கல்யாணத்திலும், எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் அவன் அந்தப் பொத்தானைப் போட்டதில்லை. அப்பாவைப் போலவே. சவ அடக்கம் நடத்தும் கில்ராய், இன்னும் முப்பது ஆகாத பணிவான பையன், மூடியைச் சுவரில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அவசரமே இல்ல," என்றான் மெதுவாக. "பொத்தானை அவுத்துவிடணும்னா அவுத்துவிடுங்க. நெஞ்சுல ரெண்டு தட்டறதுன்னாலும் சரி. இப்ப எல்லா வீட்லயும் அதுக்குன்னு கொஞ்ச நேரம் விட்டுத்தான் மூடறோம்." மாலக்கியைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தான். "எல்லாம் சாரோட படத்துக்கு அப்புறம்தான். அதுக்கு முன்னாடி அப்படி ஒரு வழக்கமே இல்லன்னு எங்கப்பா சொல்வாரு."

டெக்லனின் கை அப்போது தகப்பனின் கழுத்தை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தது. அங்கேயே நின்றது. பிறகு அதைத் திருப்பிக்கொண்டுவந்து கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"மூடிருங்க," என்றான்.

"டெக்லன், அவுத்துவிடுடா. அப்பாவுக்கு இறுக்கினா பிடிக்காது."

"என்னால முடியாதும்மா." குரல் உடைந்தது. "நான் எப்படிச் செஞ்சாலும் அது இவர் செஞ்ச மாதிரிதான் இருக்கும்."

எத்னா கில்ராயிடம், கொஞ்சம் வெளியே இரப்பா என்றாள். அவன் மூடியைச் சாய்த்து வைத்துவிட்டுப் போனான். கதவு சாத்தியதும் அவள் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாலக்கியின் பக்கம் திரும்பவில்லை. ஃபெஸ்டியைப் பார்த்தபடியே அவரிடம் பேசினாள்.

"பாலினாவுல போய் அந்தப் படத்தைப் பாத்தோம். நல்ல கோட்டைப் போட்டுக்கிட்டு வந்தான். டிக்கெட் குடுக்கறவகிட்ட வேற, எங்க அண்ணன் படம்னு சொன்னான். நீ மூடியைத் திறந்து அந்தப் பொத்தானைத் தொட்டதும் எழுந்து வெளிய போயிட்டான். எனக்கு ஒண்ணும் புரியல. படம் முடிஞ்சு வந்து பாத்தா கார்ல உக்காந்திருக்கான். 'அதை அவனுக்கு மட்டும்தான் சொன்னேன்'னான். அவ்வளவுதான். அதுக்கு மேல சாகற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல."

மாலக்கிக்கு மொராக்கோ விடுதியின் தொலைபேசி ஞாபகம் வந்தது. கருப்பு நிறம், காதில் ஒட்டிக்கொள்ளும் வெப்பம். அப்பாவைப் புதைத்த அன்று அவர் கூப்பிட்டார். வழக்கமாக மாடு, மழை, சரி வெச்சுடறேன் என்று முடிக்கும் ஃபெஸ்டி, அன்று நிறுத்தாமல் பேசினான். மூடின பெட்டியைத் திறக்கச் சொல்லி, எல்லோரையும் வெளியே அனுப்பினதை. விரல் வழுக்கி வழுக்கிப் பொத்தான் கடைசியில் கழன்றதை. பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், மாட்டைத் தட்டுவதுபோலத் தட்டியதை. 'பைத்தியக்காரத்தனமா இருந்திருக்கும், இல்ல? நல்லவேளை, யாரும் பாக்கல,' என்றான். இல்லடா, இல்லவே இல்லடா என்று மாலக்கி சொன்னார். சொல்லும்போது அவர் அழுதது நிஜம். பொய்யே இல்லாத அழுகை. ஆனால் அழுதுகொண்டிருந்தவனுக்குள்ளே இன்னொருவன் நின்று, எந்த விரல், எத்தனை தட்டு என்று குறித்துக்கொண்டிருந்தான். அதுவும் நிஜம். எங்கிருந்தோ வந்தது என்று முதன்முறை சொன்னபோது நாக்கு கொஞ்சம் தடுமாறியது. பத்தாவது முறை சொன்னபோது அவரே நம்பிவிட்டார்.

"அது நான் அவனுக்குச் செஞ்ச மரியாதைன்னு நினைச்சேன், எத்னா."

"டிவியில என்ன சொன்னே? எங்கிருந்தோ வந்துச்சுன்னு." இப்போதுதான் அவள் திரும்பினாள். "எங்கிருந்தோ இல்ல, மாலக்கி. இந்த ரூம்லேர்ந்து வந்துச்சு. நான் அந்தப் பக்கம் டீ போட்டுக்கிட்டு இருந்தேன். எனக்கே தெரியாது. என் புருஷன் அவங்கப்பாவுக்கு என்ன செஞ்சான்னு உன் கையைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். டிக்கெட் வாங்கி, ஊரோட உக்காந்து."

எத்தனையோ எழுத்தாளர்கள் எழுதிக்கொடுத்த மன்னிப்புகள் அவர் வாய்க்குள் வரிசையாய் நின்றன. ஒவ்வொன்றும் எந்தப் படத்தில் சொன்னது என்றுகூட நினைவிருந்தது.

எத்னா குனிந்து தானே அந்தப் பொத்தானைப் பிடித்தாள். கீல்வாதம் வந்து வளைந்த விரல்கள். டையைச் சற்றுத் தள்ளினாள், கட்டை விரலால் நெம்பினாள், வழுக்கியது. மறுபடி முயன்றாள். அவளது மோதிரம் ஃபெஸ்டியின் தாடையில் இடித்தது. 'ஐயோ, வலிச்சுதா' என்று வாய்க்குள் சொன்னாள். டெக்லன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாலக்கியின் கைகள் கோட்டுப் பக்கவாட்டில் தொங்கின. உலகத்தில் அந்தக் காரியத்தை நன்றாகச் செய்யத் தெரிந்த கைகள், அசைக்க முடியவில்லை.

"விடு," என்றாள் எத்னா நிமிர்ந்து. "இறுக்கமாவே போகட்டும்."

கில்ராய் வந்து மூடினான்.

பிறகு தூக்குகிறவர்களை உயரம் பார்த்து நிறுத்தினான். டெக்லன் பெரிய ஆள். தகப்பனைப் போல, பெரியப்பனைப் போல. முன்பக்கம் அவனுக்கு இணையாக நின்ற கால்பந்துக் குழுப் பையன் அவன் காது வரைதான் வந்தான். பெட்டி சாய்ந்துவிடும் என்று கில்ராய் தயங்கிச் சொன்னான். மாமன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் பெயரைச் சொல்லவில்லை.

எத்னா மாலக்கிக்கு அருகே வந்தாள். வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள். "தூக்கு. உயரம் ஒத்து வருது, அதுக்காக மட்டும்தான். ஆனா முகத்துல ஒண்ணும் செய்யாதே."

பெட்டி எழுந்ததும், அது இருந்த நாற்காலிகளை ஊர் வழக்கப்படி நோரீன் காலால் தட்டிக் கவிழ்த்தாள். டெக்லனின் கை பெட்டிக்கு அடியில் வந்து பெரியப்பனின் தோளைச் சுற்றியது. சுற்றாமல் தூக்க முடியாது. அந்தக் கை விறைப்பாக இருந்தது. வாசல் தாண்டும்போது முழு எடையும் மாலக்கியின் தோளில் இறங்கியது. படத்தில் தூக்கும் காட்சிக்குப் பெட்டிக்குள் மணல் மூட்டை வைக்கச் சொன்னவர் அவர்தான், உண்மையாக இருக்கட்டும் என்று. மணல் மூட்டை அசையாது. இது திருப்பத்தில் மெல்ல ஒரு பக்கம் சரிந்து, பிறகு திரும்பி வந்து அமர்ந்தது.

கல்லறைத் தோட்டம் மேட்டில், கடலைப் பார்த்து. பாதையின் இருபுறமும் ஊர் நின்றிருந்தது. சிலர் சிலுவைக் குறி இட்டார்கள். வெளியூர்க்காரர்களாக இருக்கும், சிலர் போனை நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தார்கள். மாலக்கி முகத்தில் ஒன்றும் செய்யவில்லை. நெற்றி, வாய், தாடை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிடித்து நிறுத்தினார். வாழ்க்கையில் இவ்வளவு கடினமான வேலையை அவர் செய்ததில்லை. கூட்டத்தில் ஒரு பெண் தணிந்த குரலில் சொன்னது கேட்டது: "சொந்தத் தம்பிக்கு ஒரு சொட்டு வரல பாரு." அவர் அடுத்த அடியை எடுத்து வைத்தார்.

பெட்டி அவருடைய வலது தோளில் இருந்தது. ஊருக்குத் தெரிந்தது இடது கன்னம். வலது கன்னம் மரத்தோடு ஒட்டியிருந்தது; மேடு ஏற ஏற எடை பின்னால் போக, அவர் முகத்தை இன்னும் அழுத்தமாய்ச் சாய்த்துக்கொண்டார். பலகைக்கு அந்தப் பக்கம், ஒரு விரல் தடிப்பில், தம்பி இருந்தான்.

குழிக்குக் குறுக்கே போட்டிருந்த பலகைகள்மேல் பெட்டியை இறக்கினார்கள். டெக்லன் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு தாய்க்குப் பக்கத்தில் போய் நின்றான். மாலக்கி கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். எத்னா பெட்டியைத் தொட்டு முத்தமிட முன்னால் வந்தவள், மாலக்கி தூக்கிவந்த முனையருகே நின்றுவிட்டாள். மெருகிட்ட மரத்தில், கன்னத்தின் அகலத்துக்கு ஓர் ஈரம். அங்கிருந்து ஒரு கோடு கைப்பிடி வரை இறங்கியிருந்தது. அவள் வானத்தைப் பார்த்தாள். மேகம் இன்னும் தீவுகளுக்கு மேல்தான் இருந்தது. ஒரு துளி விழவில்லை. திரும்பி நின்ற அந்த முதுகைப் பார்த்தாள். அவள் கையில் கைக்குட்டை இருந்தது.

பாதிரியார் ஜெபமாலையைத் தொடங்கினார். ஊர் முணுமுணுப்பாய்ப் பதில் சொன்னது. எத்னாவின் உதடுகள் அசையவில்லை. கடற்காற்றில் அந்த ஈரம் ஓரங்களிலிருந்து உள்நோக்கி மெல்லச் சுருங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கவும் இல்லை, அதிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.